தரையில் உதிரும் புழுக்கையைப் பாருங்கள்

தோட்டம், மரம், பூச்சி: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலரின் பதில்கள்

இந்த மாதக் கடிதக் கட்டில் ஆறு கடிதங்கள் மரத்தில் விழுந்த துளையைப் பற்றியே வந்திருக்கின்றன. வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இப்போது கவனிக்காமல் விட்டால் சில மரங்கள் அடுத்த மழைக்கு நிற்காது.

மூன்று வயது அரபிகா காபிச் செடிகள். அறுபது செடிகளுக்கு மேல் நுனி வாடி, இலை காய்ந்து அப்படியே தொங்குகிறது. நாலைந்து செடி காற்றில் நடுத்தண்டோடு முறிந்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டேன். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று சொல்லி இரண்டு முறை மருந்து அடிக்க வைத்தார்கள். நிற்கவில்லை. செடிக்கடியில் சிவப்பாக நொய்யரிசி மாதிரி கொட்டிக் கிடக்கிறது. அது என்ன?
– வாசகர், பண்ணைக்காடு

ஐயா, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்தச் சிவப்பு நொய்தான் விடை. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்பது வண்டின் புழு. குடைந்த தூளைத் தனக்குப் பின்னால் பாதையிலேயே இறுக்கி அடைத்துக்கொண்டு போகும். வெளியே ஒரு பொடிகூட வராது. பட்டை வரம்பு கட்டினாற்போல் புடைத்திருப்பதை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் இருப்பது தன் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்கிற வேறொரு புழு. இடையிடையே ஒரு துவாரம் போட்டு, கழிவை எல்லாம் அதன் வழியாக வெளியே தள்ளிவிடும். தரையில் கிடப்பது அதன் புழுக்கை.

இதைச் சிவப்புத் துளைப்பான் என்போம். அறிவியல் பெயர் ஜூஸெரா காஃபியே. காபியின் பெயரையே வைத்திருந்தாலும் தேயிலை, கொய்யா, மாதுளை, தேக்குக் கன்று, சந்தனம் என்று எதையும் விடாது. தாய் ஒரு அந்துப்பூச்சி. வெள்ளைச் சிறகில் நீலமை தெளித்தாற்போல் புள்ளி புள்ளியாக, பார்க்க அத்தனை அழகாக இருக்கும். பட்டை இடுக்கில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுப் புழு ஒரு நூலிழை விட்டுத் தொங்கும். காற்று அதைத் தூக்கிப் பக்கத்துச் செடியில் போடும். அங்கே இளங்குச்சியில் நுழைந்து, வளர வளரப் பெரிய கிளைக்கும் நடுத்தண்டுக்கும் இறங்கும். பூச்சியாகும் வரை அதற்கு உள்ளேதான் வாசம். நீங்கள் இலைமேல் அடித்த மருந்து அந்தப் புழுவின் மேல் ஒரு சொட்டுகூடப் பட்டிருக்காது.

என் அப்பா தாண்டிக்குடிப் பக்கம் நாலு ஏக்கர் காபி வைத்திருந்தார். வாடின கிளையை வெட்டி, வாசல்படியில் உட்கார்ந்து கவாத்துக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து காட்டுவார். உள்ளே கிளையின் நட்டநடுவில் பென்சில் கனத்துக்கு ஒரு குழாய். சுவர் வழவழவென்று இருக்கும், யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. அதில் காவிச் சிவப்பில் ஒரு புழு, தலையும் கழுத்தும் மட்டும் கறுப்பு. வெளிச்சம் பட்டதும் திரும்பக்கூட மாட்டாது. அப்படியே பின்னால் நடந்து இருட்டுக்குள் போய்விடும். முன்னாலும் பின்னாலும் ஒரே வேகத்தில் நடக்கும் என்று அப்பா சொல்வதைக் கேட்டு, ஆறு வயதில் நானும் அந்தப் படியில் பின்னால் நடந்து பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். சாயங்காலம் சந்தேகப்படும் செடிக்கடியில் பழைய செய்தித்தாளை விரித்து நாலு மூலையிலும் கல் வையுங்கள். காலையில் தாளில் ஈரமாக, புது ஆரஞ்சு நிறத்தில் புழுக்கை கிடந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. தரையில் கறுத்துக் கிடக்கும் பழசைப் பார்த்து ஏமாற வேண்டாம். புது புழுக்கை விழுந்த செடியில் வாடின கிளையைக் கீழே வெட்டுங்கள். வெட்டின முகத்தில் நடுவில் ஓட்டை தெரிந்தால் புழு இன்னும் கீழே இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை இல்லாத முழுக்கட்டை வரும் வரை இறங்கி வெட்டுங்கள். வெட்டியதை வரப்பில் போடாமல் அன்றைக்கே கொளுத்திவிட வேண்டும். வரப்பில் கிடக்கும் கிளையிலிருந்தும் பூச்சி வெளிவரும். அறுபது செடிக்கு இரண்டு ஆள், இரண்டு நாள் வேலை. நீங்கள் இரண்டு முறை மருந்துக்குக் கொடுத்த காசைவிடக் கூலி குறைவாகத்தான் ஆகும். வெட்டின செடி அடியிலிருந்து துளிர்க்கும். நல்ல துளிர் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

கொளுத்துமுன் ஒவ்வொன்றையும் பிளந்து பாருங்கள். புழு செத்து, மேலே வெள்ளையாக மாவு பூத்தாற்போல் இறுகிக் கிடந்தால் அது பூஞ்சாணத்தின் வேலை. புழுவின் பக்கத்தில் நெல்லைவிடச் சிறிய கூடுகள் ஒட்டியிருந்தால் அது புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி. அப்படிப்பட்ட துண்டுகளை மட்டும் நெருப்பில் போடாமல் நிழலில் விட்டுவிடுங்கள். அவை உங்களுக்குத் துணையாக வேலை செய்பவை. சந்தேகம் தீராவிட்டால் பிளந்த கிளையோடு தாண்டிக்குடியில் இருக்கும் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள். கையில் கிளை இல்லாமல் போய் வாயால் விவரிக்காதீர்கள்.

இரண்டு ஏக்கரில் சந்தனம் நட்டு நாலு வருஷம் ஆகிறது. முப்பது மரத்தில் ஆள் உயரத்துக்குக் கீழேயே துளை. ஒருவர் பெட்ரோலை ஊற்றச் சொல்கிறார். கடையில் டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்தார்கள், சிரிஞ்சில் ஏற்றச் சொல்லி. பத்து மரத்துக்குப் போட்டேன். மூன்று மரத்தில் துளையைச் சுற்றிப் பட்டை கறுத்துப் பிளந்துவிட்டது. பாக்கி மரத்தை எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகர், திருப்பத்தூர்

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வருத்தமாகவே இருந்தது, தம்பி. டைகுளோர்வாஸ் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் 2020 டிசம்பர் 31-லிருந்து நாடு முழுவதும் தடை. அந்தக் கடைக்காரர் உங்களிடம் அதைக் கொடுத்திருக்கவே கூடாது. மிச்சம் இருந்தால் கிணற்றங்கரையில் வைக்காதீர்கள், குழந்தைகள் கை எட்டும் இடத்திலும் வேண்டாம். வேளாண்மை அலுவலகத்தில் தகவல் சொல்லுங்கள்.

இதுவும் அதே சிவப்புத் துளைப்பான்தான். 2002-இல் வனச் சட்டம் திருத்தப்பட்டு, பட்டா நிலத்துச் சந்தனம் வளர்த்தவருக்கே சொந்தம் என்று ஆன பிறகு நம் பக்கத்தில் தனியார் சந்தனத் தோட்டங்கள் பெருகின. காட்டில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று நின்ற மரத்தை நாம் வரிசையில் பக்கம் பக்கமாக நட்டோம். நூலிழையில் தொங்கும் குஞ்சுப் புழுவுக்கு அடுத்த மரம் பக்கத்திலேயே என்றால் அதற்கு வேறென்ன வேண்டும்!

உங்களுக்குத் தேவை சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று. நுனியைச் சிறு கொக்கியாக வளைத்துக்கொள்ளுங்கள். ஒரே புழு மூன்று நாலு துவாரம் போட்டிருக்கும். எல்லாவற்றிலும் கீழே உள்ளதில், புது புழுக்கை ஒட்டியிருக்கும் துவாரத்தில் முதலில் கம்பியை விடுங்கள். முரட்டுத்தனமாகக் குத்தக் கூடாது. மெல்ல மேலும் கீழும் செலுத்தினால் ஓரிடத்தில் மெத்தென்று தட்டும். கம்பி நுனியில் ஈரம் ஒட்டி வந்தால் வேலை முடிந்தது. பிறகு எல்லாத் துவாரத்தையும் களிமண்ணும் சாணமும் பிசைந்து அடைத்துவிடுங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். உயிரோடிருக்கும் புழு மண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி புழுக்கை போட்டிருக்கும். அந்த மரத்துக்கு மட்டும் மறுபடி கம்பி.

பெட்ரோலை ஊற்றவே ஊற்றாதீர்கள். கம்பி எட்டாத வளைந்த துளையாக இருந்தால் விரல்நுனி அளவு பஞ்சில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் நனைத்து உள்ளே தள்ளி, மண்ணால் அடைக்கலாம். அதற்கு மேல் போனால் புழுவோடு பட்டையும் சாகும். அதைத்தான் மூன்று மரத்தில் பார்த்துவிட்டீர்கள்.

பயந்து மரத்தை வெட்டிவிடாதீர்கள். நாலு வயது சந்தனத்தில் வைரம், அதாவது வாசனையுள்ள நடுக்கட்டை, பெரும்பாலும் இன்னும் பிடித்திருக்காது. இப்போது குடைபடுவது வெளிறு என்னும் இளங்கட்டைதான். மரம் தேறிவிட்டால் அந்தக் காயத்தைத் தானே மூடிக்கொண்டு வளரும். முறிந்துபோனதைக்கூடத் தரைக்கு அரையடி மேலே சாய்வாக வெட்டிவிட்டால் துளிர்க்கும். துணைச்செடியாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சந்தனம் பிற செடிகளின் வேரில் உணவு உறிஞ்சி வளரும் மரம். துணை வாடினால் சந்தனம் வாடும், வாடின மரம் காயத்திலிருந்து எழுந்திருக்காது. துணைச்செடிக்குத் தண்ணீர் விடுங்கள்.

எங்கள் பூர்வீக வீடு நூறு வருஷத்துக்கு மேல் பழசு. பர்மா தேக்குத் தூண். ஒரு தூணில் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி துளை ஒன்று இருக்கிறது. உளு விழுந்திருக்கிறது, மருந்து ஏற்றணும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள்.
– வாசகி, காரைக்குடி

கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் தூணில் இருக்கும் துளை, அந்தத் தேக்கு பர்மாக் காட்டில் பச்சையாக நின்றபோதே விழுந்தது. மேலே சொன்ன பூச்சியின் குடும்பத்தில் பெரிய உறவு ஒன்று அங்கே இருக்கிறது, ஜைலூட்டஸ் செராமிகா என்று பெயர். புழு உயிருள்ள தேக்கில்தான் வாழும். மரத்துக்குள் பாதை போட்டுக்கொண்டாலும் அதன் சாப்பாடு பெரும்பாலும் வாசலைச் சுற்றி மரம் காயத்தை ஆற்ற வளர்க்கும் பசைத்திசுதான். பூச்சி பறந்தபின் மரம் வாசலை மூடி வளர்ந்துவிடும், உள்ளே ஓட்டை அப்படியே நிற்கும். அறுத்துப் பலகையாக்கினால் நடுவில் விரல் தடிமனில் துளை வரும். ஆங்கிலேய வனத்துறைக்காரர்கள் இதைத் தேனீத் துளை என்று அழைத்தார்கள். தேனீக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேக்கின் மதிப்பைக் குறைக்கும் குறையாக இதை அப்போதிருந்தே கணக்கில் எடுத்தார்கள்.

அறுத்துக் காய்ந்த மரத்தில் அந்தப் புழு வாழ வழியில்லை. தூணுக்கடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்துப் பத்து நாள் பாருங்கள். மாவு போல் தூள் விழுந்தால் அது வேறு உளு, சின்ன வண்டு. குண்டூசித் துளை அளவுதான் இருக்கும். மண் கூடு தெரிந்தால் கறையான். இரண்டும் இல்லையென்றால் அந்த ஓட்டை உங்கள் தூணின் வயதுக்குச் சாட்சி. மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்துக்கொள்ளுங்கள்.

தென்னையையும் இந்தப் பூச்சி துளைக்குமா?
– வாசகர், பொள்ளாச்சி

இல்லை. தென்னையில் குருத்தை வெட்டுவது காண்டாமிருக வண்டு, தண்டைக் குடைவது சிவப்புக் கூன்வண்டு. இரண்டும் வண்டு. தனி இதழில் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கிறேன். உலகத்திலேயே கனமான அந்துப்பூச்சி மரம் தின்கிற புழுவிலிருந்து வருகிறது என்று அறிவியல் டீச்சர் சொன்னார். உண்மையா? அந்தப் பூச்சிக்கு வாய் இல்லை என்றும் சொன்னார்.
– மாணவி, நாகர்கோவில்

உன் டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல், பாப்பா. உண்மைதான். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கம் வாழும் ராட்சத மர அந்துப்பூச்சி அது. பெண் பூச்சி 30 கிராம் வரை எடை இருக்கும், ஒரு சிட்டுக்குருவியின் எடை. சிறகை விரித்தால் 23 சென்டிமீட்டர். உன் பெட்டியில் இருக்கும் அளவுகோலை எடுத்துப் பார். ஆண் பூச்சி அதில் பாதிதான். 2021-இல் குவீன்ஸ்லாந்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையில் இப்படி ஒன்று கிடைத்து, படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

இந்தப் பூச்சிகளின் குடும்பத்துக்குக் காஸிடே என்று பெயர். தச்சன் அந்துப்பூச்சிகள் என்று நான் சொல்வேன். உலகத்தில் ஏறக்குறைய ஆயிரம் வகை. பூச்சிக்குச் சாப்பிடும்படியான வாய் இல்லை என்பதும் சரி. சிறகு முளைத்தபின் அது தின்பதே இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் பறக்கிறது, முட்டையிடுகிறது, சில நாளில் இறந்துவிடுகிறது. அதனால்தான் புழுப்பருவம் அத்தனை நீளம். மரக்கட்டையில் சத்து மிகக் குறைவு. இலை தின்னும் புழு மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். ஐரோப்பாவின் வில்லோ மரத்தில் வாழும் இவர்களுடைய உறவுக்காரப் புழு ஒன்று மூன்று நாலு வருஷம் உள்ளேயே கிடக்கும். அதன் மேல் ஆட்டுக்கிடாயின் வாடை அடிப்பதால் அங்கே அதை ஆட்டு அந்துப்பூச்சி என்கிறார்கள்.

அந்தப் புழுவைப் பற்றி ஒரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் பியர் லியோனே என்று ஒருவர் இருந்தார். தொழிலில் வழக்கறிஞர். அந்த ஒரே ஒரு வகைப் புழுவைப் பல வருஷம் அறுத்துப் பார்த்து, 1760-இல் அதன் உடற்கூற்றைப் புத்தகமாகவே வெளியிட்டார். படங்களைச் செம்புத் தகட்டில் அவரே கையால் செதுக்கினார். அவர் எண்ணிய தசைகள் நாலாயிரத்துக்கு மேல். மனித உடம்பில் இருப்பது சுமார் அறுநூறு. முன்னும் பின்னும் நடக்க, கட்டையைக் கடித்துத் துப்ப, எவ்வளவு வேண்டியிருக்கிறது பார்!

கெட்ட புழு என்று மட்டும் நினைத்துவிடாதே. நடு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள் ஒருவகை வேல மரப் புதரின் வேரைத் தோண்டி, விட்செட்டி என்னும் வெள்ளைப் புழுவை எடுத்துச் சாப்பிடுவார்கள். அதுவும் இந்தக் குடும்பம். பச்சையாகத் தின்றால் பாதாம் பருப்பு மாதிரி இருக்குமாம், தணலில் வாட்டியும் தின்பார்கள். தண்ணீர் கிடைக்காத அந்தச் செம்மண் காட்டில் பெண்களும் குழந்தைகளும் தேடிச் சேர்த்த அந்தப் புழு, சத்தான உணவு. நம் ஊரில் மரங்கொத்திக்கும் இதே கதைதான். கொய்யாத் தோப்பில் மரங்கொத்தி தட்டினால் விரட்டாதே என்று வீட்டில் சொல்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு கொய்யா மரம். என் மாமியார் வைத்தது. தண்டில் சிலந்திக்கூடு மாதிரியும் மரத்தூள் மாதிரியும் பட்டை பட்டையாக ஓடுகிறது, கிளை இடுக்கில் ஓட்டை. பட்டு விழப்போகிறது, வெட்டிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.
– வாசகி, வத்தலக்குண்டு

வெட்ட வேண்டாம் சகோதரி. நீங்கள் எழுதியிருப்பது பட்டை தின்னும் புழு. தச்சன் பூச்சிகளுக்கு நெருங்கிய சொந்தம், குணம் வேறு. இது கட்டைக்குள் ஒரு சிறு பொந்து போடும், அது படுத்து உறங்க மட்டும். இரவானதும் வெளியே வந்து பட்டையைத் தின்னும். வெறுமனே நடந்து வராது. பட்டு நூலில் தன் புழுக்கையையும் பட்டைத் துணுக்கையும் கோத்து ஒரு கூரை போட்டுக்கொண்டு, அதன் அடியில் ஒளிந்து நடக்கும். நீங்கள் பார்த்த பட்டை பட்டையான ஓட்டம் அந்தக் கூரைதான். முருங்கை, நாவல், நெல்லி, மா எல்லாவற்றிலும் வரும். கவனிக்காத பழைய மரத்தில்தான் அதிகம்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் கொய்யாத் தோப்புக்கு மூன்று முறை மருந்து அடிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். மூன்றாம் முறைக்குப் பிறகு போனபோது அவர் என்னைக் கோபிக்கவில்லை. கூரையை ஒரு குச்சியால் வழித்துக் காட்டினார். அடியில் புது பட்டைக் காயம், பச்சை ஈரத்தோடு. பகலில் மருந்து அடித்தோம், புழு பகலில் பொந்துக்குள் இருந்தது. எங்கள் அப்பா எனக்கு ஆறு வயதில் காட்டியதை நான் அந்தத் தோப்பில் மறந்துபோனேன். அவர் கடன் வாங்கி மருந்து வாங்கியிருந்தார். அன்றைக்கு அவரோடு சேர்ந்து குச்சியும் கம்பியுமாக அந்த வரிசை முழுக்க நடந்தேன். அதற்குப் பிறகு புழு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் யாருக்கும் மருந்து எழுதினதில்லை.

உங்கள் ஒரு மரத்துக்கு அரை மணி நேரம் போதும். தென்னந்துடைப்பத்தின் அடிக்கட்டாலோ கோணிச் சாக்காலோ அந்தக் கூரை முழுவதையும் வழித்தெடுங்கள். கூரை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே, பெரும்பாலும் இரண்டு கிளை பிரியும் இடுக்கில், பொந்து வாய் தெரியும். அதில் கம்பியை விடுங்கள். பொந்து அதிக ஆழம் இருக்காது. புழுவைக் குத்தி எடுத்துவிட்டு ஈரமண்ணால் அடையுங்கள். மறுநாள் காலை புதுக் கூரை ஒரு அங்குலம் ஓடியிருந்தால் இன்னொன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதையும் பாருங்கள். பட்டை உரிந்த இடத்தில் பசுஞ்சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசிவிடலாம். உள்ளே நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும் கிளைகளைக் கவாத்து செய்து வெயில் இறங்க விடுங்கள்.

இந்தப் பூச்சிக்கு வருஷத்துக்கு ஒரே தலைமுறை. கோடை மழை ஒட்டி வைகாசி, ஆனியில் பூச்சி வந்து முட்டையிடும். அதனால் இப்போது ஒருமுறை வழித்துவிட்டு, ஆடி முடிந்ததும் மறுபடி ஒருமுறை கிளை இடுக்குகளைத் தடவிப் பாருங்கள். அப்போது கூரை ஒரு விரற்கடைதான் இருக்கும், புழுவும் நூல் மாதிரி. பெருவிரலால் நசுக்கினாலே போதும்.